இல்லறப் பகுதி: அடுக்களை மேடைக்கு ஏற்ற கல் எது?

சித்தூரிலும் திருப்பதியிலும் வந்து குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களுள் பல, வாடகை வீட்டை விட்டுச் சொந்த வீடு கட்டும் நிலையை எய்தி வருகின்றன. இது நம் யாவர்க்கும் மகிழ்ச்சி தரும் செய்தியே. ஆயினும் சுவர் எழும்பிக் கூரையும் முடிந்து அடுக்களை வேலை தொடங்கும் நாளில், பெரும்பாலான இல்லங்களில் ஒரு வழக்கு எழக் காண்கிறோம். சமையல் மேடைக்கு எந்தக் கல்லைப் பதிப்பது என்பதே அவ்வழக்கு.

“கடப்பாக் கல் போதும், செலவும் குறைவு” என்கிறார் மேஸ்திரி. கடைக்காரர் பளபளக்கும் கிரானைட்டைக் காட்டுகிறார். பெங்களூரிலிருந்து வந்த மைத்துனர், “இக்காலத்தில் எல்லாரும் குவார்ட்ஸ் பலகைதானே போடுகிறார்கள்!” என்று வியக்கிறார். சேலத்துப் பக்கத்து மாமியாரோ தம் கல்சட்டியை நினைவு கூர்ந்து, “மாக்கல்லுக்கு ஈடு எந்தக் கல்லும் இல்லை” என்று முடிவு கூறிவிடுகிறார். நால்வர் கூறுவதிலும் ஓரளவு உண்மை உண்டு. முழு உண்மை எவரிடத்தும் இல்லை. ஒவ்வொரு கல்லின் இயல்பையும் அறிந்து தேர்ந்தாலன்றி இவ்வழக்குத் தீராது. ஒருமுறை பதித்த கல் இருபது முப்பது ஆண்டுகள் நம்மோடு வாழப்போவது. ஆதலின் சற்றுப் பொறுமையோடு ஆராய்வது நன்று.

முதலில் மாமியாரின் மாக்கல்லை எடுத்துக்கொள்வோம்.

மாக்கல் நமக்குப் புதியதன்று. ஒரு தலைமுறைக்கு முன்வரை பள்ளிப் பிள்ளைகள் சிலேட்டில் எழுதிய பலப்பத்தை அறியாதார் யார்? நம் தெலுங்கு அண்டை வீட்டாரும் அதனைப் ‘பலபம்’ என்றே அழைக்கின்றனர். நாம் கல்சட்டி என்பதை அவர்கள் ‘ராச்சிப்ப’ என்பர். கல்சட்டியில் கொதித்த வற்றற்குழம்பின் சுவையை நாம் எவ்வாறு போற்றுகிறோமோ, அவ்வாறே ராச்சிப்பயில் காய்ச்சிய புளுசுவின் சுவையை அவர்களும் போற்றுவர். மொழி வேறாயினும் அடுப்பின்மேல் இருந்த கல் ஒன்றே.

இக்கல்லின் உடலாக அமைந்திருப்பது டால்க் என்னும் கனிமம். மகனீசியமும் சிலிக்காவும் நீரும் சேர்ந்து மிக நுண்ணிய ஏடுகளாக அடுக்கப்பட்டிருப்பது அது. ஏடுகளுக்கிடையே பிடிப்புக் குறைவாதலின் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். அதனாலேயே மாக்கல்லைத் தொட்டால் சோப்பைத் தொட்டாற்போன்ற வழவழப்புத் தோன்றுகிறது. கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை அளக்கும் மோஸ் அளவையில், ஒன்று என்னும் அடிப்படியில் நிற்பது டால்க்கே. நம் கைந்நகத்தின் கடினம் ஏறத்தாழ இரண்டரை. ஆகவே தூய டால்க்கை நகத்தாலேயே கீறிவிடலாம். மேடைக்கு உதவும் மாக்கல்லில் குளோரைட்டு முதலிய பிற கனிமங்களும் கலந்திருத்தலால் அது சற்று உறுதியாயிருக்கும். எனினும் கிரானைட்டோடு ஒப்பிட்டால் மென்மையான கல்லே.

அம்மென்மையே மனிதன் அதனை நாடியதற்குக் காரணம். சிந்துவெளி மக்கள் தம் முத்திரைகளுள் பெரும்பாலானவற்றை இக்கல்லிலேயே செதுக்கி, பின்பு நெருப்பிலிட்டுக் கடினமாக்கினர். பேலூரிலும் ஹளேபீடிலும் ஹொய்சளச் சிற்பிகள் நகைநுணுக்கத்தோடு சிற்பம் வடித்ததும் இவ்வினத்தைச் சேர்ந்த மென்கல்லில்தான். பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனீரோ நகரில் 1931இல் திறந்து வைக்கப்பெற்ற பேருருவக் கிறித்துவின் சிலை, வெளிப்புறம் முழுவதும் சிறு சிறு மாக்கல் துண்டுகளால் போர்த்தப்பட்டது.

அடுக்களைக்கு இக்கல் தரும் நன்மைகள் இரண்டு. முதலாவது, இது வெப்பத்தைத் தாங்கும். டால்க் சிதைவதற்கு 800 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூடு வேண்டும். நம் அடுப்பிலிருந்து இறக்கும் வாணலி அதற்கு எம்மூலை? பெற்ற சூட்டை இது எளிதில் விடுவதுமில்லை. அடுப்பை அணைத்த பின்னும் கல்சட்டிக் குழம்பு சில நிமிடங்கள் கொதித்துக் கொண்டிருப்பதை நம் இல்லத்தரசியர் அறிவர். இப்பண்பைக் கருதியே பின்லாந்து நாட்டார் குளிர்காலத்தில் வீட்டைச் சூடேற்றும் பெருங்கணப்புகளை மாக்கல்லால் கட்டுகின்றனர். மாலையில் சில மணி நேரம் விறகு எரித்தால் இரவு முழுதும் கல் வெப்பம் தரும்.

இரண்டாவது, புளியும் எலுமிச்சையும் இதனை ஒன்றும் செய்வதில்லை. டால்க் அமிலத்தோடு கலவாதது. நீரையும் எண்ணெயையும் எளிதில் உட்கொள்ளாதது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் எடுக்கப்பட்ட மாக்கல், வேதியியல் ஆய்வுக்கூட மேசைகளுக்கும் தொட்டிகளுக்கும் நெடுங்காலம் பயன்பட்டு வந்தது. அமிலக் குப்பிகள் கவிழும் இடத்திற்கே அது தகுதியுடையதாயின், நம் ரசத்துக்கும் ஊறுகாய்க்கும் அஞ்ச வேண்டுவதில்லை.

குறையையும் மறைத்தல் கூடாது. மேல்நாட்டு அடுக்களையில் மேடைமேல் தட்டும் கோப்பையும் வைப்பார்கள். நம் அடுக்களையிலோ மேடைமேல் நிகழாதது ஒன்றில்லை. தேங்காய் உடைபடும், அரிவாள்மணையும் குக்கரும் இழுபடும், பண்டிகை நாளில் பித்தளை அண்டாவும் ஏறும். இத்தனைக்கும் மாக்கல் ஈடுகொடாது. கீறலும் விளிம்புச் சிதைவும் நேர்வது உறுதி. கீறலை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துப் போக்கலாம் என்பது உண்மையே. ஆனால் ஒவ்வொரு திங்களும் மேடையைத் தேய்க்க நம்முள் எவர்க்கு நேரமுண்டு? அன்றியும், கடப்பாக் கல்லும் கிரானைட்டும்போல மாக்கற் பலகை கடைதோறும் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதில்லை. அயல்நாட்டுச் சரக்காயின் கப்பற்கூலியும் நம் தலைமேல் விழும். ஆகவே ஆசைக்கும் பணப்பைக்கும் நடுவே நின்று முடிவு செய்தல் வேண்டும்.

இனி நம் காலடியிலுள்ள கற்களைக் காண்போம். 1911இல் தோன்றிய சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்தது. 1953இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக்கோடுகள் இவ்வாறு மாறிய போதிலும் அடியிலுள்ள பாறை மாறவில்லை. திருமலைக்கு ஏறும் மலைப்பாதையில் அப்பாறையின் வரலாற்றைக் கண்ணாலேயே காணலாம். அடியில் மிகத் தொன்மையான கிரானைட்டு. அதன்மேல் கோடிக்கணக்கான ஆண்டுகள் இடைவெளிக்குப் பின் படிந்த குவார்ட்சைட்டு அடுக்கு. இரண்டும் சந்திக்கும் அவ்விடத்தை இந்திய நிலவியல் ஆய்வுத்துறையினர் தேசிய நிலவியல் சின்னமாகப் போற்றுகின்றனர். கீழுள்ள இனம் கிரானைட்டுத் தொழிலுக்குத் தாய். மேலுள்ள அடுக்கு, வடக்கே விரிந்து செல்லும் கடப்பைப் படுகையின் விளிம்பு. அப்படுகையிலிருந்து வருவதே கடப்பாக் கல்.

கடப்பாக் கல்லைப் பலர் கருங்கல்லின் வகையென்று கருதுகின்றனர். அஃது அவ்வாறன்று, கடலடியில் படிந்த சுண்ணாம்புக் கல்லே. ஏடேடாகப் பிளந்து வருதலால் அறுப்புக்கூலி குறைவு. எர்ரகுண்ட்லா, ஜம்மலமடுகு பகுதிகளிலிருந்து நம் ஊருக்கு வரும் வண்டிக்கூலியும் குறைவு. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் எண்ணற்ற நடுத்தர இல்லங்களின் அடுக்களைகளும் அலமாரித் தட்டுகளும் இக்கல்லால் அமைந்தவையே. ஆனால் சுண்ணாம்புக் கல்லுக்குப் புளிப்புப் பகை. எலுமிச்சைச் சாறோ, புளிக்கரைசலோ, தயிரோ சிந்தி ஊறினால் அவ்விடம் பளபளப்பிழந்து வெளிறிப்போகும். அதனைத் துடைத்துப் போக்க இயலாது. கல்லின் மேற்புறமே சிறிது கரைந்துவிட்டதன் அடையாளம் அது. புளியின்றி ஒருநாளும் கழியாத நம் சமையலுக்கு இஃதொரு பெருங்குறை. எனவே கடப்பாக் கல்லை மேடையின் அடித்தாங்கிக்கும், அடுக்குத் தட்டுகளுக்கும், பரணுக்கும் கொள்ளலாம். மேற்பரப்புக்கே அதைத்தான் பதிக்கமுடியும் என்னும் நிலையில் உள்ளோர் வருந்த வேண்டுவதில்லை. சிந்தியதை உடனே துடைக்கும் பழக்கமிருப்பின் அது பல்லாண்டு உழைக்கும்.

மூன்று மாநிலங்கள் கூடும் மூலையிலுள்ள நம் குப்பம், கிரானைட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். ‘குப்பம் பச்சை’ என்னும் கல் அவ்வூர்ப் பெயரையே தாங்கி வெளிநாடுகளுக்கும் செல்கின்றது. கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸின் கடினம் ஏழு. பெல்ஸ்பாரின் கடினம் ஆறு. எனவே சமையலறைக் கத்தி இதனை எளிதில் கீறாது, புளியும் தீண்டாது. கறுப்புக் கிரானைட்டு என்று விற்கப்படுவது பெரும்பாலும் டோலரைட்டு போன்ற வேறு இனக் கல். சமையல் மேடைக்கு அதுவும் சிறந்ததே. குறையென்று கூறுவதாயின், வெளிர்நிறக் கிரானைட்டு சில மஞ்சள்கறையையும் எண்ணெயையும் உறிஞ்சும். மெல்லிய பலகையில் தொட்டிக்கும் அடுப்புக்குமாக வெட்டிய இடத்தருகே கொதிக்கும் பாத்திரத்தைத் திடீரென வைத்தால் விரிசல் காணவும் கூடும்.

மைத்துனர் புகழ்ந்த குவார்ட்ஸ் பலகை மலையில் வெட்டியெடுத்ததன்று. குவார்ட்ஸைப் பொடித்துப் பிசினோடும் நிறத்தோடும் பிசைந்து ஆலையில் அழுத்திச் செய்தது. கறை பற்றாது, பார்வைக்கு ஒழுங்காயிருக்கும். ஆனால் பிசின் சூட்டுக்கு அஞ்சும். அடுப்பிலிருந்து இறக்கிய வாணலியை அதன்மேல் நேரே வைத்தால் அழியாத வடு விழும். அதனினும் கவலைக்குரிய செய்தி வேறொன்று உண்டு. அதை அறியாமல் எவரும் கல் வாங்கலாகாது என்பது நம் கருத்து.

கல்லை அறுக்கும்போது எழும் தூளில் படிகச் சிலிக்கா இருக்குமாயின், அது மூச்சோடு நுரையீரலின் ஆழத்தில் சென்று தங்குகிறது. உடல் அதைக் கரைக்கவும் இயலாது, வெளியேற்றவும் இயலாது. நுரையீரல் வடுவேறி இறுகிப்போகும். சிலிக்கோசிஸ் எனப்படும் இந்நோயை முற்றும் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. மத்தியப் பிரதேசத்து மந்த்சௌரில் சிலேட்டுக் குச்சி அறுத்த தொழிலாளர் பலர் இளவயதிலேயே இந்நோய்க்கு இரையானதை, அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனத்தார் ஆராய்ந்து வெளிப்படுத்தினர். பிள்ளைகள் எழுத்தறியும் பொருட்டு ஓர் ஊரின் தந்தையர் மூச்சிழந்தனர் என்பது நெஞ்சை உலுக்கும் செய்தி.

செயற்கைக் குவார்ட்ஸ் பலகையில் சிலிக்கா தொண்ணூறு விழுக்காடு வரை இருப்பதுண்டு. ஆஸ்திரேலியாவில் இதனை அறுத்த இளைஞர் பலர் சிலிக்கோசிஸால் தாக்குண்டனர். அந்நாடு 2024 ஜூலை முதல் நாளிலிருந்து அப்பலகையைச் செய்வதையும், விற்பதையும், பதிப்பதையும் தடை செய்துவிட்டது. உலகில் முதன்முதலாக இத்தடையை விதித்த நாடு அதுவே. கிரானைட்டில் சிலிக்கா அதனினும் மிகக் குறைவு. எனினும் தீங்கில்லாத அளவென்று கூறுதற்கில்லை. சுண்ணாம்புக் கல்லிலும் மாக்கல்லிலும் படிகச் சிலிக்கா பொதுவாகக் குறைவு. ஆயினும் மாக்கல் தூளும் பாலன்று. சில படிவுகளில் டால்க்கோடு கல்நாரும் கலந்திருக்கும். இரண்டும் ஒரே வகை நிலச்சூழலில் பிறப்பவை. கடப்பைப் படுகையைச் சார்ந்த புலிவெந்துலாப் பகுதியில் கல்நார் கிடைத்ததும், தாடிபத்திரிப் பக்கத்தில் மாக்கல் கிடைப்பதும் இவ்வுறவைக் காட்டும். டால்க்கையே 2024இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, புற்றுநோய் விளைவிக்கும் வாய்ப்பு மிகுந்த பொருள்களின் வரிசையில் சேர்த்தது. பதித்து முடித்த வழவழப்பான பலகையிலிருந்து தூள் பறப்பதில்லை; ஆகவே சமைப்பவர்க்கு அச்சமில்லை. அறுப்பவர்க்கும் தேய்ப்பவர்க்குமே அச்சம்.

சுரங்கத்தருகே வாழ்வோரையும் மறத்தலாகாது. உத்தராகண்டத்தின் பாகேசுவர் மாவட்டத்தில் மாக்கல் தோண்டியதால் மலைச்சிற்றூர்களின் வீடுகளில் விரிசல் கண்டது. அவ்வழக்கை ஆராய்ந்த அம்மாநில உயர்நீதிமன்றம் 2025 ஜனவரியில் அங்குச் சுரங்க வேலைகளை நிறுத்தி ஆணையிட்டது. நாம் ஒரு வீடு கட்டப் பிறிதொருவர் வீடு பிளப்பது அறமாகாது அன்றோ?

ஆகவே கல் வாங்கும் ஒவ்வொருவரும் செய்யத்தக்கது ஒன்றுண்டு. அளவுகளை முன்னரே சரியாகக் கொடுத்து, வெட்டும் வேலையெல்லாம் பட்டறையிலேயே நீர் பாய்ச்சி அறுத்து முடிக்குமாறு கேளுங்கள். வீட்டுக்குள் உலர்ந்த கல்லை எந்திரத்தால் அறுக்க இடங்கொடாதீர்கள். தவிர்க்கவியலாது சிறிது அறுக்க நேர்ந்தால், கல்லை நனைத்து அறுக்கச் சொல்லுங்கள். தொழிலாளியின் முகத்தில் வெறுந்துண்டு போதாது. நுண்தூளைத் தடுக்கும் முகவடிகட்டி ஒன்றை நாமே வாங்கித் தருவோம். பால் காய்ச்சும் நாளுக்கு நாம் செய்யும் செலவுகளுள் இதன் விலை ஒரு பொருட்டன்று.

கடையில் கல்லைச் சோதிக்கும் முறைகளையும் கூறிவிடுகிறோம். நீங்கள் விரும்பும் கல்லின் உடைந்த துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். நகத்தால் கீறிப் பாருங்கள். தடம் விழுந்தால் அது டால்க் மிகுந்த மாக்கல். பின்பு மெருகிட்ட பக்கத்தில் எலுமிச்சைச் சாறு சில துளி விட்டு அரைமணி கழித்துத் துடையுங்கள். வெளிறிய வடு தோன்றினால் சுண்ணாம்புக் கல் அல்லது சலவைக்கல். மறுபுறம் நீர்த்துளி விடுங்கள். விரைவில் உறிஞ்சிக் கறுத்தால் எண்ணெயையும் அவ்வாறே உறிஞ்சும். மஞ்சளைக் குழைத்துத் தடவி ஓரிரவு வைத்தால் கறையின் குணமும் தெரியும். கறுப்புக் கல்லாயின் வெள்ளைத் துணியில் மண்ணெண்ணெய் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். துணியில் மை ஏறினால் அது சாயமூட்டிய கல். நான்கு நாளில் தெரியும் உண்மையை அறிய நாற்பதாயிரம் செலவிட்டுக் காத்திருக்க வேண்டுவதில்லை.

பளுவையும் கருதுக. இரண்டு மீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் 3 சென்டிமீட்டர் கனமும் உள்ள மாக்கற் பலகை ஏறத்தாழ நூறு கிலோ நிறையிருக்கும். அதே நீள அகலத்தில் 2 சென்டிமீட்டர் கிரானைட்டு அறுபத்தைந்து கிலோ அளவில் நிற்கும். அடியில் தாங்குசுவர் உறுதியாயிருத்தல் வேண்டும். தொட்டிக்கு வெட்டிய இடத்தின் இருபுறமும் தாங்கல் மிகவும் இன்றியமையாதது.

நம் முடிவு யாதெனில், நாள்தோறும் முட்டும் மோதலும் நிகழும் பெருமேடைக்குக் குப்பத்துக் கிரானைட்டோ கறுப்புக் கல்லோ கொள்க. அடித்தட்டுகளுக்குக் கடப்பாக் கல் கொள்க. மாக்கல்லின்மேல் மனம் வைத்தவர்கள், அடுப்பின் பக்கத்தே ஓர் அடி அல்லது ஒன்றரை அடி அகலத்துக்கு மட்டும் அதனைப் பதித்துக் கொள்ளலாம். கொதிக்கும் பாத்திரத்தை இறக்கி வைக்கவும், சப்பாத்தி இடவும் அச்சிறு பரப்பே போதும், செலவும் அடங்கும். அதற்கு நல்லெண்ணெய் தடவாதீர்கள். உணவெண்ணெய் நாளடைவில் சிக்குநாற்றம் கொள்ளும். மருந்துக்கடையில் கிடைக்கும் திரவப் பாரபின் எண்ணெயைச் சிறிது பூசித் துடைத்தால் கல் கருமை பெற்று ஒருநிறமாகும். கீறல் விழுந்தால் நீர் தெளித்து உப்புத்தாளால் தேய்த்து மீண்டும் எண்ணெய் பூசுக. உலர்த்தேய்ப்பு வேண்டா.

மேடையே வேண்டா, ஒரு கல்சட்டி போதும் என்பாரும் உளர். அவர்கள் புதுச்சட்டியை உடனே அடுப்பில் ஏற்றிவிடலாகாது. எண்ணெயும் மஞ்சளும் தடவி ஊறவைத்து, சில நாள் சூடான வடிகஞ்சியை ஊற்றி வைத்து, பின்பு சிறுதீயில் தொடங்கிப் பழக்குதல் வேண்டும். திடீர்ச்சூடும், சூட்டின்மேல் தண்ணீரும் அதனைப் பிளந்துவிடும்.

இறுதியாக ஒன்று. கல்லைத் தேரச் செல்லும்போது ஆடவர் மட்டும் செல்வதும், அடுக்களையில் நாள்தோறும் நிற்பவரை வீட்டில் விட்டுச் செல்வதும் நம் குடும்பங்களில் இன்னும் மறையவில்லை. கல்லின் நிறத்தினும் முக்கியமானது மேடையின் உயரம். மேஸ்திரி எல்லா வீட்டுக்கும் ஒரே அளவில் கட்டிவிடுவார். சமைப்பவர் முழங்கையை மடித்து நின்றால், அம்முழங்கைக்கு ஏறத்தாழ நான்கு விரற்கட்டை கீழே மேடை அமைதல் வேண்டும். அதனினும் தாழ்ந்தால் முதுகு நோகும். உயர்ந்தால் தோள் நோகும். முப்பது ஆண்டு முதுகுவலியை எந்த மெருகும் ஈடுசெய்யாது. ஆதலின் கடைக்கும் பட்டறைக்கும் இல்லத்தரசியையே முன்னிறுத்தி அழைத்துச் செல்லுங்கள். துண்டை அவர் கையில் கொடுங்கள். அவர் சொல்லே முடிந்த முடிபாகட்டும்.

பிறந்த ஊரை விட்டுப் பிறிதோர் ஊரில் வேரூன்றுகிறவர்களுக்கு வீடு என்பது சுவரும் கூரையும் மட்டுமன்று. நாம் எடுக்கும் கல் இம்மண்ணின் கல்லாயிருக்கட்டும். அதை அறுத்த கைக்கு நோயின்றியும், அதன்முன் நிற்கும் உடலுக்கு நோவின்றியும் வந்ததாயிருக்கட்டும். அவ்வடுக்களையில் காயும் குழம்பு நிச்சயம் சுவைக்கும்.